எழுத்துக்கு வாடகை

எங்கள் தமிழ்த்துறையின் மர அலமாரியில், நன்னூல் காண்டிகையுரைக்கும் பழைய வருகைப் பதிவேடுகளுக்கும் நடுவே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியதொரு சாம்பல்நிறப் பிளாஸ்டிக் கட்டை இருக்கிறது. ஒரு முனையில் 25 ஊசிகள். மறுமுனையில் 25 துளைகள். புதிதாகச் சேரும் மாணவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். பூட்டு என்போம். எதைப் பூட்டியிருக்கிறது என்பார்கள். தமிழை என்போம். அவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை.

2003-ஆம் ஆண்டு எங்கள் கல்லூரி, கோயம்புத்தூரிலிருந்த நிறுவனம் ஒன்றிடமிருந்து தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வாங்கிற்று. அச்சுப்பொறியை இணைக்கும் வாயிலில் இந்தக் கட்டையைச் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். கட்டைக்கு 'டாங்கிள்' என்று பெயர். திருட்டுப் பிரதிக்கு அஞ்சி அக்காலத்தில் பல நிறுவனங்கள் இப்படிச் செய்தன. அந்த அச்சத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. விற்பவன் தன் சரக்கைப் பூட்டி வைக்கலாம். எங்கள் புகார் வேறு. அவர் தம் சரக்கைப் பூட்டியதோடு நிற்கவில்லை. அந்தச் சரக்கைக் கொண்டு நாங்கள் எழுதியதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். எங்கள் வயலில் விளைந்த நெல் அவருடைய குதிருக்குள் கிடந்தது. திறவுகோலும் அவரிடம் இருந்தது.

அதற்குள் கிடந்தது என்ன என்பதைச் சொன்னால்தான் வழக்கு விளங்கும். 2003 தொடங்கி ஏறத்தாழ எட்டாண்டுகள், எங்கள் எம்.ஃபில். மாணவர்கள் (அந்தப் பட்டம் அப்போது இருந்தது, 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை முடித்து வைத்தது) இந்த வட்டாரத்தைக் கால்நடையாக அலைந்து சொற்களைத் திரட்டினார்கள். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் கரையோர ஊர்களில் மடை திருப்பும் சொற்கள். பாரியூர்க் குண்டம் திருவிழாச் சடங்குச் சொற்கள். மஞ்சள் வேவிக்கும் சொற்கள். பட்டுக்கூடு நூற்கும் சொற்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கவலை இறைத்த சொற்கள். வெளியூர் வாசகர்கள் 'கவலை' என்றதும் மனத்துயரை நினைப்பார்கள். கொங்கு நாட்டில் கவலை என்பது மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு. இரண்டு காளைகள் சரிவில் இறங்கி நடக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் மேலேறி வந்து, தும்பி வழியாகத் தொட்டியில் நீரைக் கொட்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்து, பிறகு பம்புசெட்டுகள் பெருகப் பெருக, கவலை ஓய்ந்தது. எங்கள் மாணவர்கள் தேடிப் போனபோது, கவலை ஓட்டிய கைகள் எண்பது வயதைத் தாண்டியிருந்தன. காளைகளைப் பின்னோக்கி நடத்தும்போது பாடிய பாட்டு, சால் ஓட்டையானால் அதற்கொரு சொல், கயிறு தேய்ந்தால் அதற்கொரு சொல் என்று திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதி வந்தார்கள். சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

பெருமாள்முருகன் 2000-இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை வெளியிட்டார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் வட்டாரச் சொல்லகராதி' 1982-இலேயே வந்துவிட்டது. இத்தகைய நூல்களில் விடுபட்ட சொற்களைச் சேர்க்கலாம் என்ற சிறு ஆசை எங்களுக்கு இருந்தது. ஆய்வேடுகளை ஒன்றுசேர்த்து ஒரு தொகுப்பாக்குவதே எண்ணம். அதற்காகக் கோப்புகளைத் திறந்தபோதுதான் கதை தொடங்கிற்று.

புதிய கணிப்பொறியில் அந்த 25 துளை வாயிலே கிடையாது. கட்டையைச் செருக இடமில்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசினோம்.

"புது வெர்ஷன் வந்திருக்குதுங்க சார். அதை வாங்கிட்டீங்கன்னா எல்லாம் சரியாப் போயிருமுங்க."

"பழைய கோப்புகள் அதில் திறக்குமா?"

"திறக்குமுங்க. ஆனா எழுத்து கொஞ்சம் மாறி வருமுங்க."

"எப்படி மாறும்?"

"அதை நீங்க பார்த்துத் திருத்திக்கிட்டாப் போதுமுங்க."

நாற்பத்தொரு ஆய்வேடுகளைப் 'பார்த்துத் திருத்திக்கொள்ள' வேண்டுமாம்! மறுமுறை அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் செல்பேசி உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

'எழுத்து மாறி வரும்' என்று அவர் எளிதாகச் சொன்னதற்குள் ஒரு காலகட்டத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு இது அலுப்பூட்டும் தொழில்நுட்பச் செய்தி என்று தோன்றலாம். அப்படித் தோன்றியதால்தான் நாம் அனைவரும் இதில் ஏமாந்தோம் என்பது எங்கள் கட்சி.

தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். அக்காலக் கணிப்பொறியின் எழுத்துப் பட்டியலில் இருந்தவை 256 அறைகள்; அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. எஞ்சிய இடத்தில் தமிழைக் குடியமர்த்த வேண்டும். கொம்பு, கால், விசிறி என்று எழுத்தின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துக் கிடைத்த அறையில் எல்லாம் வைத்தார்கள். எந்த உறுப்பு எந்த அறையில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்தது. சிலர் ஆங்கில எழுத்துகளின் அறைகளிலேயே தமிழைக் குடியேற்றினார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழ். கணிப்பொறிக்கோ அது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை நீக்கிவிட்டால் அந்த வேடம் கலைந்துவிடும். திரையில் நாம் கண்டது தமிழின் படம் மட்டுமே. நாங்கள் எட்டாண்டு காலம் தமிழ் எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்து, ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் பொருளற்றுக் கோத்துக்கொண்டிருந்தோம்.

இதை யாரும் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ் இணைய மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99', அதன்பின் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும், மின்னஞ்சல் குழுக்களில் இரவிரவாக விவாதித்து உருவான டிஸ்கி என்று பொதுத் தரத்துக்கான முயற்சிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறனுடைய 'முரசு அஞ்சல்', தன்னார்வலர்கள் உருவாக்கிய 'எ-கலப்பை', சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி ஆகியவற்றை இணையத்தில் தமிழ் படித்த தலைமுறை மறக்காது. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த இதழைப் படிக்க இன்னோர் எழுத்துரு என்று இறக்கிக்கொண்டு, திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட நாட்களை நம் வாசகர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தட்டச்சு செய்து எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது. குறியீடு மாறியபோது நூல்களையும் புதிய குறியீட்டுக்கு மாற்றியது. உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் தம் ஓய்வு நேரத்தில், ஒரு ரூபாய் வாங்காமல் செய்த காரியம் அது. பணம் வாங்கியவர்கள் செய்தது எங்கள் அலமாரியில் கிடக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1990-களில் அந்த வணிகர்கள் இல்லையென்றால் எங்கள் ஊர் அச்சகங்களில் திருமண அழைப்பிதழ்கூடக் கணிப்பொறியில் வந்திராது. எழுத்துரு வரைவது கடினமான கலை. 'ழ'வின் வளைவு சரியாக விழுவதற்காக ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கக்கூடும்; அந்த உழைப்புக்கு விலை கேட்பது அறமே. தமிழ் உணர்வைக் காட்டி இலவசமாகக் கேட்கும் நம்மவர் பழக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. தமிழ் நூலை விலைகொடுத்து வாங்காத தமிழாசிரியர்கள் நிறைந்த நாடு இது. ஆனால் பேனா விற்றவர், அந்தப் பேனாவால் எழுதிய கடிதத்தைப் படிக்க ஆண்டுதோறும் தம்மிடம் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்வாரா? எழுத்துருவின் அழகு அவருடையது. எந்த எழுத்து எந்த எண்ணில் உட்காரும் என்ற வரிசை எப்படி அவருடைய சொத்தாயிற்று?

இந்த ஈரோட்டு மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்க எங்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. 'குடி அரசு' இதழில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியது 1935-இல். ணா, றா, னா, ணை, லை என்று பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றும் கோரிக்கை அது. அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-இல். இடையில் 43 ஆண்டுகள். புலவர்கள் எதிர்த்தார்கள், ஆதரித்தார்கள், மேடைகளில் வைதுகொண்டார்கள். பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தைத் தொட இவ்வளவு வாதப் பிரதிவாதம் தேவைப்பட்ட மொழியில், 247 எழுத்துகளையும் இடம் பெயர்த்து எண் கொடுக்கும் வேலையை ஒரு கடைக்காரர் ஒரு பிற்பகலில் முடித்தார். ஒரு தமிழ்த்துறையும் ஏனென்று கேட்கவில்லை. எங்கள் துறையும்தான்.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. நாங்களும் கோபியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே போய் வந்தோம். அந்த மாநாட்டையொட்டித்தான் யூனிகோடும் டேஸ்16-உம் தமிழகத்தின் தரக் குறியீடுகள் என்று அரசாணை வந்தது. யூனிகோடோ 1991-இலேயே வெளிவந்தது; விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தபோதே தமிழுக்குப் பொது வழி திறந்துவிட்டது. ஆணை வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் எங்களுக்கு வந்த கருத்தரங்க அழைப்பிதழ்களைப் பார்த்தால் தெரியும்: 'கட்டுரைகள் இன்ன எழுத்துருவில், 12 புள்ளி அளவில், இரண்டு வரி இடைவெளியில் அனுப்பப்பட வேண்டும்.' அந்த 'இன்ன எழுத்துரு' தனியார் குறியீட்டில் அமைந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, அல்லது (எல்லோரும் செய்தது போல) திருட்டுத்தனமாகப் பெற வேண்டியது. விற்பனையாளருக்கு முகவர்களே தேவைப்படவில்லை. தமிழ்ப் பேராசிரியர்கள் ஊதியமின்றி அந்த வேலையைப் பார்த்தார்கள்.

இனி யூனிகோடு வந்துவிட்டதே, துன்பம் தீர்ந்ததே என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கல்லூரியின் அடுத்த அத்தியாயம். சேர்க்கை, வருகை, தேர்வு, கட்டணம் அனைத்தையும் ஒரே மென்பொருளில் அடக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. வேறு நிறுவனம், வேறு கழுத்துப்பட்டை. 'தமிழும் உண்டு' என்று விளக்கக் காட்சியில் சொன்னார்கள். தமிழ் உண்டுதான். வருகைப் பதிவேட்டில் பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னோம். கமலாவுக்கு முன்னே கனிமொழி வந்து நின்றாள். வள்ளிக்கு முன்னே வளர்மதி. முதலாமாண்டு மாணவிக்கும் தெரியும், 'ம' முந்தி, 'ன' கடைசி. புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன்னே வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தொடங்கி நம் அகராதிகள் எல்லாம் அந்த வரிசைதான்.

நிறுவனத்துப் பிள்ளையாண்டானை அழைத்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "யூனிகோடே அப்படித்தானுங்க சார். அதை நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றான்.

பாதி உண்மை. பாதி உண்மைதான் இவர்களுடைய முழுநேர மூலதனம். யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய பகுதி, இந்திய அரசு 1988-இல் வகுத்த 'இஸ்கி' அமைப்பைப் பின்பற்றியது. அது எல்லா இந்திய மொழிகளையும் ஒரே அச்சில் வார்க்க முயன்ற ஏற்பாடு. அச்சு தேவநாகரிக்கு அளவெடுத்தது. அதனால்தான் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. நம்மிடம் இல்லாத எழுத்துகள் ஒருநாள் வந்து அமரும் என்று காத்திருப்பது போல. 'ன' தன் கடைசியிடத்தை இழந்து 'ந'வின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. 'ழ'வோ 'வ'வை முந்திக்கொண்டு நிற்கிறது. இது வருத்தத்துக்குரியதே. ஆனால் குறியீட்டு எண் என்பது வீட்டு எண் மாதிரி. பந்தியில் உட்காரும் முறை அல்ல. மொழிதோறும் வரிசை முறை என்ன என்பதற்குப் பொது விதித்தொகுப்பு தனியே இருக்கிறது, சி.எல்.டி.ஆர். என்பது அதன் பெயர். புள்ளியெழுத்து முன்னே வர வேண்டும் என்பது உட்படத் தமிழ் விதி அதில் எழுதப்பட்டிருக்கிறது, இலவசமாக. மென்பொருள் எழுதியவர் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அவர் எடுக்கவில்லை. கேட்டால் யூனிகோடு மீது பழி.

இதே மென்பொருளில் கௌசல்யாவின் கதையும் நடந்தது (மாணவியின் பெயரை மாற்றியிருக்கிறோம், எழுத்துச் சிக்கல் மட்டும் மாறவில்லை). கல்வி உதவித்தொகைப் பட்டியலில் அவளைத் தேடினால், அப்படி ஒரு மாணவியே இல்லை என்றது பொறி. அவளோ எதிரில் நின்றுகொண்டிருந்தாள். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. சேர்க்கைப் பிரிவில் அவள் பெயரை 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு அடித்திருக்கிறார்கள். தேர்வுப் பிரிவில் முறையான 'கௌ'. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பொறிக்கு இருவர். இது நம்மவர் தட்டச்சுப் பிழை. இணையமெங்கும் ஔவையாரை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து உடைத்து வைத்திருக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் 'கெள' என்ற இணைப்பைக் கண்டதும் 'கௌ'வா என்று ஒரு வினா எழுப்பும் அளவுக்காவது தமிழ் மென்பொருளுக்கு அறிவு வேண்டாமா? சொன்னோம். பதில் வந்தது:

"பொண்ணோட பேரை மாத்திக்கச் சொல்லிருங்க சார். கெசட்ல குடுத்தா ஆச்சுங்க."

பெற்றவர் வைத்த பெயரைத் தம் மென்பொருளுக்கு ஏற்ப அரசிதழில் மாற்றிக்கொள்ளச் சொல்லும் துணிவு எந்த மன்னனுக்கும் இருந்ததில்லை.

குறுஞ்செய்தி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்புக்கு வராத மாணவர்களின் பெற்றோருக்குத் தமிழில் செய்தி அனுப்பக் கேட்டோம். "தமிழ்னா மூணு மடங்கு ஆகுமுங்க" என்றார் அதன் விற்பனையாளர். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும் இடத்தில் யூனிகோடில் 70 மட்டுமே அடங்கும். அதிலும் 'கொ' என்பது இரண்டாகக் கணக்காகும். இது அவர் செய்த குற்றமன்று. ஐரோப்பாவில் அந்த முறையை வகுத்தவர்கள் கவலையோட்டியின் பிள்ளையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முன்வைத்த தீர்வு, தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புவது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை. நாங்கள் செய்தியைச் சுருக்கினோம். 'இன்று வகுப்புக்கு வரவில்லை' என்பது எத்தனை குறியீடு என்று எண்ணிப் பாருங்கள், தாராளமாக அடங்கும். மூன்று மடங்கு செலவானது அவர்கள் முன்பு சேர்த்திருந்த 'அன்புடையீர், வணக்கம்' முதலான அலங்காரங்களுக்கு.

மீண்டும் அலமாரிக்கு வருவோம். எங்கள் பழைய மாணவர் ஒருவர், தமிழ் இலக்கியம் படித்துவிட்டுப் பிறகு எப்படியோ கணிப்பொறித் துறைக்குள் நுழைந்து, கோவை சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை மொடச்சூரில் உறவினர் வீட்டுக்கு வந்தவர் துறைக்கும் வந்தார். கட்டையைக் காட்டினோம். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பக்கமும் இதே கதைதானுங்க ஐயா. கோளாறுன்னு சொன்னா ஒரு புகார் எண் குடுப்பாங்க. ஒரு வாரம் கழிச்சு அந்த எண்ணை மூடிப்போட்டோம்னு கடிதாசி வரும். கோளாறு அப்படியே இருக்குமுங்க. கேட்டா புதுசா ஒரு எண் குடுப்பாங்க. போன வருசம் எங்க மேலதிகாரி பிறந்த நாளுக்கு நாங்க அந்த எண்ணையெல்லாம் அச்சடிச்சு மாலையாக் கட்டிப் போட்டமுங்க."

பிறகு கோப்பு ஒன்றை வாங்கித் தம் மடிக்கணினியில் திறந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் சொன்னது எங்களைத் திகைக்க வைத்தது. கோப்பில் பூட்டே இல்லையாம். கட்டை காத்தது மென்பொருளைத்தான். எழுத்துகள் வெறுமனே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணை கிடைத்தால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அந்த ஒற்றைப் பக்க அட்டவணையை நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்தால் இத்தனை ஆண்டுகள் போயிருக்கா. கொடுக்காததற்கு வேறு காரணம் ஏதும் எங்களுக்குப் புலப்படவில்லை. வாடகை நின்றுவிடும் என்பதைத் தவிர.

நல்லவேளையாக, ஆய்வேடுகளின் அச்சுப்படிகள் சில நூலகத்தில் இருந்தன. அச்சுப்படியை நாங்கள் படிக்க, கோப்பில் அதற்கு நேராக நிற்கும் குறியை அவர் குறித்துக்கொள்ள, மூன்று வார இறுதிகளில் அட்டவணை உருவாயிற்று. கொம்பு முன்னே நின்று எழுத்து பின்னே வருவதை எல்லாம் எழுத்து முன்னாகவும் குறி பின்னாகவும் திருப்பிப் போட அவர் சிறு நிரல் ஒன்று எழுதினார். ஓரிடத்தில் சிக்கினோம். அந்த எழுத்துருவில் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே குறி. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட அதே பாடு! 'பாரம்' என்று படிப்பதா, 'பராம்' என்று படிப்பதா என்று பொறிக்குத் தெரியாது. அங்கேதான் அவர் எழுந்து நாற்காலியை எங்களுக்குக் கொடுத்தார். "இனி உங்க வேலைங்க ஐயா" என்றார். கணிப்பொறி முன் உட்கார்ந்து, வாழ்நாளில் முதன்முறையாக, யாப்பும் புணர்ச்சியும் படித்தது வீண்போகவில்லை என்று உணர்ந்தோம்.

நாற்பத்தொன்றில் முப்பத்தாறு மீண்டன. மூன்று, பூஞ்சணம் பிடித்த ஃப்ளாப்பி வட்டுகளில் இருந்தன. அவற்றுக்கு அச்சுப்படியும் இல்லை. மற்ற இரண்டின் கோப்புகளே காணவில்லை. போனவற்றில் ஒன்று கவலைப் பாட்டுகள் பற்றியது. அதை எழுதிய மாணவியைத் தேடிப் பிடித்தோம். இப்போது திருப்பூர்ப் பக்கம் பள்ளியாசிரியை. தம்மிடமும் படி இல்லை, வீடு மாறியபோது போய்விட்டது என்றார். பாடிக் காட்டிய முதியவரின் பெயர் நினைவிருக்கிறது, ஊர் நினைவிருக்கிறது, பாட்டில் இரண்டடி நினைவிருக்கிறது என்றார். அந்த இரண்டடியைத் தொலைபேசியிலேயே பாடினார். எழுதிக்கொண்டோம், யூனிகோடில்.

கல்லூரியில் பழைய நிர்வாக மென்பொருளின் ஒப்பந்தம் முடிகிறது. புதியது வாங்க மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். கொள்முதல் குழுவில் தமிழ்த்துறைக்கு இம்முறை ஓர் இடம் கிடைத்தது (வழக்கமாக இறைவணக்கம் பாடத்தான் அழைப்பார்கள்). ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னோம்: கல்லூரி உள்ளிடும் தகவல் முழுவதையும், கல்லூரி கேட்கும்போதெல்லாம், கட்டணமின்றி, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய யூனிகோடு உரையாகத் திருப்பித் தர வேண்டும். முதல்வர் ஏற்றுக்கொண்டார். நிபந்தனை போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு நிறுவனத்தார் பின்வாங்கிவிட்டனர். இன்னொருவர் பதிலே எழுதவில்லை. மூன்றாமவர் நேற்று மாலை எங்கள் துறைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அத்தனை பணிவு.

"சார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டீங்கன்னா விலையில பாதி குறைச்சுக்கலாமுங்க."

குழு செவ்வாய்க்கிழமை கூடுகிறது. அந்தக் கட்டையையும் மேசைமேல் வைப்பதற்காகக் கொண்டுபோகிறோம்.